கணிப்பொறி கண்டறியாத அட்டை



புதிய கணிப்பொறி ஒன்றில் இயங்குதளத்தை நிறுவ முற்படுவோர் பலர், பாதி வழியில் திரையில் தோன்றும் ஒரு வாக்கியத்தைக் கண்டு திகைத்து நின்றுவிடுவதுண்டு. 'நெட்வொர்க் கார்டு எதுவும் காணப்படவில்லை' என்பதே அவ்வாக்கியம். அட்டை பெட்டிக்குள் இருக்கிறது. கையால் தொட்டுப் பார்க்கலாம். கம்பியும் செருகப்பட்டிருக்கிறது. ஆயினும் யந்திரமோ, அப்படி ஒருவர் இங்கில்லை என்று சாதிக்கிறது. திண்ணையில் அமர்ந்திருக்கும் விருந்தாளியை, வீட்டுக்காரர் கண்டும் காணாதவர்போல் கதவைச் சாத்திக்கொள்வதற்கு ஒப்பானது இது.

இத்தொல்லை இன்று நேற்று பிறந்ததன்று. மின்சாரத்தைக் கொண்டு செய்தி அனுப்ப மனிதன் தொடங்கிய நாளிலிருந்தே, எதிர்முனையில் யார் இருக்கிறார், இருப்பவரை எப்படி அறிவது என்ற கேள்வி அவனைத் தொடர்ந்து வந்திருக்கிறது. அதன் வரலாற்றில் பெரும்பகுதியை ஒரே நகரத்தை வைத்துச் சொல்லிவிட முடியும். 2001 முதல் கொல்கத்தா என்ற பெயரால் வழங்கிவரும் கல்கத்தா மாநகரமே அது. லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும் தமிழ்க் குரல் கேட்கும் அவ்வூரில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்துவரும் நம்மவர் பலருக்கும் இக்கதை முழுமையாகத் தெரிந்திராது.

1839-ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த வில்லியம் புரூக் ஓஷாக்னசி என்பவர், ஹூக்ளி நதிக்கரையிலுள்ள தாவரவியல் பூங்காவில் மைல் கணக்கில் கம்பியை இழுத்துக் கட்டித் தந்திச் சோதனை நடத்தினார். கம்பியில் மின்சாரம் வருகிறதா என்று கண்டறிய அவர் கையாண்ட வழிகளில் ஒன்று வியப்புக்குரியது. செய்தி பெறுபவர் கம்பியின் முனைகளை விரல்களால் பற்றிக்கொள்ள வேண்டும். சுருக்கென்று அதிர்ச்சி தட்டினால் அடையாளம் வந்தது என்று பொருள். உலகத்தில் இன்று எத்தனையோ நுட்பமான கருவிகள் இருக்கின்றன. அன்று கல்கத்தாவிலோ மனித விரலே கருவி! 1851-இல் கல்கத்தாவுக்கும் வைரத் துறைமுகத்துக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கிற்று. நாணயச்சாலையில் பணியாற்றிய சிவசந்திர நந்தி என்னும் வங்காளி இளைஞர் இவ்வேலையில் ஓஷாக்னசிக்கு வலக்கையாக இருந்தார். பின்னர்ப் பல தந்திப் பாதைகளை அவரே முன்னின்று அமைத்தார். கல்லூரிப் பட்டத்தைக் காட்டிலும், கம்பியைத் தொட்டுத் தொட்டுப் பழகிய அறிவே அவருடைய மூலதனம். இந்தத் 'தொட்டுப் பழகிய அறிவு' என்பதை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நம் கதை முழுவதும் அதைச் சுற்றியே செல்கிறது.

இனி, ஒரு நூற்றாண்டைத் தாண்டி வருவோம்.

கல்கத்தாவுக்கு வடக்கே, பாரக்பூர் டிரங்கு சாலையில், பாராநகர் என்னும் இடத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இருக்கிறது. 1931-இல் பிரசந்த சந்திர மகலனோபிஸ் மாநிலக் கல்லூரியின் பௌதிகப் பகுதியில் சிறு அறையளவில் தொடங்கிய ஸ்தாபனம் அது. சுதந்திரத்துக்குப் பின் நாடு தழுவிய மாதிரிக் கணக்கெடுப்பும், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் கணக்கீடுகளும் அதன் தலையில் வந்து விழுந்தன. கிராமம் கிராமமாகச் சென்று திரட்டிய எண்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. வரிசை வரிசையாக மேசைகளைப் போட்டு, கைப்பிடியைச் சுற்றும் கணக்குப் பொறிகளை வைத்துக்கொண்டு கணக்கர்கள் உழைத்தார்கள். எண்கள் வரும் வேகத்துக்கு அவர்களது கைகள் ஈடுகொடுக்கவில்லை.

1953-இல் சமரேந்திர குமார் மித்ரா என்னும் விஞ்ஞானி, அந்நிறுவனத்திலேயே சிறியதொரு மின்னணுக் கணிப்பொறியை வடிவமைத்தார். பத்து மாறிகள் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளுக்கு விடை காண்பது அதன் பணி. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையே எண்ணாகக் கொள்ளும் வகையைச் சேர்ந்தது அது. நம் நாட்டில் நம்மவர் கையால் உருவான முன்னோடி என்ற வகையில் அதற்கு உரிய பெருமையை நாம் இன்னும் தரவில்லை என்பது என் கருத்து. ஆனால் இலக்க முறையில் இயங்கும் பெரிய யந்திரம் வேண்டுமென்றால் அன்று வெளிநாட்டுக்குத்தான் ஆள் அனுப்பவேண்டியிருந்தது.

லண்டனில் பர்க்பெக் கல்லூரியில் ஆண்ட்ரூ டொனால்ட் பூத் என்பவர் கணிப்பொறி வடிவமைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பணமில்லை, ஆகவே வடிவம் எளிமையாக இருந்தது. சுழலும் உருளையின்மேல் காந்தப் புள்ளிகளாக எண்களை எழுதிவைக்கும் முறையில் அவர் கைதேர்ந்தவர். அவருடைய மனைவியார் காத்லீன் பூத், யந்திரத்துக்குரிய கட்டளைகளை மனிதர் எழுதத்தக்க குறியீடுகளாகச் சுருக்கி அமைத்த முன்னோடிகளுள் ஒருவர். துளை அட்டை யந்திரங்களை விற்றுவந்த பிரிட்டிஷ் டாபுலேட்டிங் மெஷின் கம்பெனியார் பூத்தின் வடிவத்தைப் பின்பற்றி 1951-இல் தம் முதல் மின்னணுக் கணிப்பொறியைச் செய்தார்கள். ஹாலரித் எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் என்று அதற்குப் பெயர். விற்பனைக்கென்று திருத்தி அமைத்த வடிவமே எச்.இ.சி.-2 எம்.

அவ்வடிவத்தில் ஒன்றை ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய்க்கு மகலனோபிஸ் வாங்கினார். 1955-இல் அது கப்பலேறிக் கல்கத்தா வந்து சேர்ந்தது. 1956-இல் முறையாகப் பணி தொடங்கிற்று. இந்தியாவில் நிறுவப்பட்ட முதல் இலக்கக் கணிப்பொறி அதுவே. பத்தடி நீளம், ஏழடி அகலம், ஆறடி உயரம். உள்ளே வெற்றிடக் குழல்கள். காந்த உருளையில் 1,024 சொற்களுக்கு இடம். இன்று நம் சட்டைப் பையிலுள்ள தொலைபேசி, ஒரு புகைப்படத்தைப் பதிந்துகொள்வதற்கு இதைப்போல் பல நூறு மடங்கு இடத்தை எடுத்துக்கொள்கிறது.

யந்திரத்தை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை, அங்கேதான் வேலை ஆரம்பமாகிறது. மோகி முகர்ஜி, அமரேஷ் ராய் என்னும் இருவரை நிறுவனத்தார் முன்கூட்டியே இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கு சில மாதங்கள் தங்கி, யந்திரத்தின் உள்ளுறுப்புகளோடு பழகிவந்த அவர்களே கல்கத்தாவில் அதைப் பூட்டி ஓடவைக்கும் பொறுப்பை ஏற்றார்கள். பிற்காலத்தில் கணிப்பொறித் துறையில் பெரும்பெயர் பெற்ற துவிஜேஷ் தத்த மஜும்தாரும் அந்நாட்களில் அங்கு இளைஞராகச் சேர்ந்திருந்தார்.

அத்தகைய குழல் யந்திரங்களில் பழுது எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று கேட்டால், எங்குமே ஒளிந்திருக்கும் என்றுதான் சொல்லவேண்டும். கடற்பயணத்தில் குலுங்கிய செருகிகள் இருக்கும். ஈயப் பற்றவைப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். வங்கத்து மழைக்காலத்தின் ஈரம் மின்தொடர்புகளில் பச்சையாகப் படரும். குழலோ சூடேறினால் ஒரு குணம், ஆறினால் வேறு குணம். வோல்டேஜைச் சற்றே ஏற்றியும் இறக்கியும் பார்த்து, எந்தக் குழல் தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அக்காலத்து முறை. விடை முன்பே தெரிந்த கணக்கை யந்திரத்துக்குக் கொடுத்து, அது சொல்லும் விடையோடு ஒப்பிடுவது இன்னொரு முறை. வைத்தியர் நாடி பார்த்துவிட்டு, நாக்கையும் நீட்டச் சொல்வதுபோல. ஆகவே யந்திரம் இருந்த அறைக்குக் குளிர்சாதன வசதி ஆடம்பரமன்று, மருந்து.

இங்கே கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எச்.இ.சி.-2 எம் யந்திரத்துக்கு இயங்குதளம் என்ற ஒன்றே கிடையாது. அட்டை படிக்கும் கருவியும் உருளையும் எங்கே இருக்கின்றன, அவற்றை எந்தக் கட்டளையால் எழுப்பவேண்டும் என்பதெல்லாம் கணக்கு எழுதுபவரின் மூளையில்தான் இருந்தன. யந்திரம் தன் துணைக்கருவியைத் தானாகக் 'கண்டறிவது' என்ற பேச்சுக்கே இடமில்லை. கண்டறிந்தவர் மனிதர். கருவி பேசாவிட்டால் அவர் எழுந்து சென்று பார்ப்பார்.

அதே 1956-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்ற இரு கம்பெனியார் சேர்ந்து, ஐ.பி.எம். 704 என்னும் யந்திரத்துக்கு ஒரு மேற்பார்வை நிரலை எழுதினார்கள். இயங்குதளங்களின் மூதாதை என்று அதைக் கூறுவர். ஜி.எம்.-என்.ஏ.ஏ. ஐ/ஓ என்பது அதன் பெயர். ஈற்றிலுள்ள ஐ/ஓ என்பதன் பொருள் உள்ளீடும் வெளியீடும் என்பதாம். ஆகவே இயங்குதளம் என்பது பிறந்ததே துணைக்கருவிகளோடு பேசித் தொலைக்கும் சலிப்பான வேலையை மனிதரிடமிருந்து வாங்கிக்கொள்வதற்காகத்தான். அந்த வேலையில் அது இன்றளவும் சில சமயம் தோற்றுப்போகிறது என்பதே நம் 'காணப்படவில்லை' வாக்கியத்தின் சாரம்.

அட்டை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் இரத்தம் உறிஞ்சும் ஜந்துவுக்கும் அதுவே பெயர். துளையிட்ட அட்டைகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்து கணக்குப் போட்டவர்களும், பிற்காலத்தில் நெட்வொர்க் அட்டையோடு இரவெல்லாம் போராடியவர்களும், இந்தப் பெயர்ப் பொருத்தத்தை மறுக்கமாட்டார்கள்.

எச்.இ.சி. வந்து சில ஆண்டுகளில், சோவியத் நாட்டிலிருந்து யூரல் என்னும் கணிப்பொறியும் அதே நிறுவனத்துக்கு வந்தது. பென்ஸா நகரில் செய்யப்பட்ட யந்திரம் அது. பஷீர் ரமேயெவ் என்பவர் அதன் வடிவமைப்பாளர். விநாடிக்குச் சுமார் நூறு கணக்குகள் செய்யும். இதற்குத் தகவல் ஊட்டுவதற்கு அட்டை இல்லை. சினிமாப் பிலிமில் துளையிட்டுக் கொடுக்கவேண்டும்! ஒரே வளாகத்தில் இரண்டு யந்திரங்கள். ஒன்று இங்கிலாந்தின் அட்டையைத் தின்னும், மற்றது ரஷ்யாவின் பிலிமைத் தின்னும். ஒன்றின் உணவு மற்றதற்கு ஆகாது. ஒரு வீட்டில் வாக்கப்பட்டு வந்த இரு நாட்டு மருமகள்கள்போல் அவை இருந்தன. ஒன்றோடொன்று பேசும் வலைப்பின்னல் என்ற எண்ணம் உலகத்துக்கு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. 1964-இல் ஐ.பி.எம். 1401 அங்கு நிறுவப்படும் வரையில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த ஆராய்ச்சிக் கணக்குகளை இவ்விரு யந்திரங்களும் போட்டுக்கொடுத்தன.

இக்காலத்தில் பாராநகரில் தமிழர் குரலும் ஒலித்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ்.ஆர். சீனிவாச வரதன் 1959-இல் அங்கு ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். நிகழ்தகவுக் கணிதத்தில் அவர் செய்த பணிக்காக 2007-இல் ஆபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. கே.ஆர். பார்த்தசாரதியும் அதே குழாத்தைச் சேர்ந்தவர். பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் டிஃப்ராக் என்னும் கணிப்பொறியை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மனும் சென்னையில் பிறந்தவரே. டிஃப்ராக் 1960-இல் முழு அளவில் இயங்கத் தொடங்கிற்று. கல்கத்தாவிலோ புள்ளியியல் நிறுவனமும் யாதவ்பூர் பல்கலைக்கழகமும் கைகோத்து, டிரான்சிஸ்டர்களைக் கொண்டு 'ஐ.எஸ்.ஐ.ஜே.யு.-1' என்னும் கணிப்பொறியைச் செய்து 1966-இல் ஓடவிட்டன. வாங்கிய யந்திரத்தைப் பழுதுபார்த்துப் பழகிய கைகள் பத்தே ஆண்டுகளில் சொந்த யந்திரம் செய்தன. பழுதுபார்ப்பது தாழ்ந்த தொழில் என்று கருதுவோர் இந்தப் பத்தாண்டுகளைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்.

ஆனால் அதே 1966-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதே நகரத்தில், கணிப்பொறி ஒன்று நிறுவப்படாமலே போன கதையும் நடந்தது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தார் கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் என்னும் கட்டடத்தில் மின்னணுக் கணிப்பொறியை அமைக்க முடிவு செய்தார்கள். தங்கள் வேலைக்கு உலை வைக்கும் யந்திரம் என்று அஞ்சிய ஊழியர்கள், அது உள்ளே நுழையாதபடி இரவு பகலாகக் கட்டடத்தைக் காவல் காத்தார்கள். யந்திரம் அங்கு நிறுவப்படவில்லை. எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் கணக்கராகவும் பிழைக்கவந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்த அச்சம் அந்நியமானதன்று; மாதச் சம்பளத்தை நம்பி ஊர்விட்டு ஊர் வந்தவனுக்கு, நூறு பேர் வேலையை ஒன்றே செய்யும் பெட்டி எப்படித் தோன்றும்? அவர்களை அறியாமை நிறைந்தவர்கள் என்று இன்று ஏளனம் செய்வது எளிது. அது நியாயமாகாது என்பேன். எனினும் நாட்டின் முதல் கணிப்பொறியை ஓட்டிக் காட்டிய நகரம், பின்னர் வந்த ஆண்டுகளில் அத்துறையில் பெங்களூருக்கும் பிற நகரங்களுக்கும் பின்தங்கி நின்றது என்பதும் மறுக்கமுடியாத உண்மை. சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டரில் மின்னணு வளாகம் எழுந்து ஓங்கியபோதுதான் அந்த இடைவெளி ஓரளவு குறைந்தது.

இதற்கிடையில் உலகம் வேறொரு திசையில் சென்றுவிட்டது. 1973-இல் ஜெராக்ஸ் கம்பெனியின் கலிபோர்னியா ஆராய்ச்சிச்சாலையில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் சேர்ந்து ஈதர்நெட் என்னும் முறையை உருவாக்கினர். அலுவலகத்தில் இருக்கும் யந்திரங்கள் எல்லாம் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டு ஒன்றோடொன்று பேசுவது அம்முறை. யார் பேசுகிறார் என்று தெரியவேண்டுமே! அதற்காக ஒவ்வோர் அட்டைக்கும் 48 துகள் நீளமுள்ள முகவரி ஒன்று தொழிற்சாலையிலேயே பொறிக்கப்படுகிறது. அதில் முதற்பாதி செய்தவரின் அடையாளம், பிற்பாதி வரிசை எண். நம் பெயருக்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து நிற்பதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம்.

அட்டைக்கு முகவரி இருந்தென்ன? தன் பெட்டிக்குள் அட்டை இருப்பதையே கணிப்பொறி அறியவேண்டுமல்லவா? தொடக்ககாலத்துச் சொந்தக் கணிப்பொறிகளில் இதற்கு வழியே இல்லை. ஐ.எஸ்.ஏ. என்னும் பழைய பொருத்துவாயில் செருகிய அட்டை, தானாக வாய் திறந்து தன் பெயரைச் சொல்லாது. அட்டையின்மேலிருக்கும் ஜம்பர் என்னும் சிறு இணைப்புகளை இடம் மாற்றி, இன்ன எண்ணுள்ள கதவில் நான் இருப்பேன், இன்ன எண்ணுள்ள மணியை அடிப்பேன் என்று மனிதரே ஏற்பாடு செய்துகொடுக்கவேண்டும். அதே எண்களை இயங்குதளத்துக்கும் தனியே சொல்லவேண்டும். மணி எண் மூன்று என்று வைத்தால், இரண்டாவது தொடர்வாயிலும் அதே மணியை அடிக்கும். இருவரும் ஒரே நேரத்தில் அடித்தால் வீட்டுக்காரர் யாருக்குக் கதவு திறப்பது? நாவல் கம்பெனியின் என்.இ.2000 என்ற அட்டையைப் பார்த்துப் பற்பலரும் மலிவான நகல்களைச் செய்து சந்தையில் விட்டார்கள். நகல்களில் ஒன்று மற்றதைப்போல் இராது. இயங்குதளம் இருட்டில் துழாவுவதுபோல் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கும்; தட்டக்கூடாத கதவைத் தட்டிவிட்டால் யந்திரமே உறைந்து நின்றுவிடும்.

கல்கத்தாவில் சாந்தினிச் சந்தையின் சந்துகளில் உதிரிப் பாகங்களைச் சேர்த்துக் கணிப்பொறி பூட்டிக்கொடுத்தவர்கள் இந்த எண்களை மனப்பாடமாக வைத்திருந்த காலம் அது. 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய வசதியைத் திறந்துவிட்டபோது கல்கத்தாவும் அந்த முதல் நகரங்களுள் ஒன்றாக இருந்தது. அதற்கு இரு வாரம் முன்னர், ஜூலை 31-இல், முதலமைச்சர் ஜோதி பாசு ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து மத்திய அமைச்சர் சுக்ராமோடு பேசியது நாட்டின் முதல் செல்பேசி அழைப்பாயிற்று.

அட்டைகளின் ஊமைத்தனத்துக்கு மருந்து 1992-இல் வந்தது. இன்டெல் கம்பெனியார் பி.சி.ஐ. என்னும் புதிய பொருத்துவாயை அறிமுகம் செய்தார்கள். இதில் செருகும் ஒவ்வோர் அட்டையும், கேட்டவுடன் இரண்டு எண்களைச் சொல்லியே தீரவேண்டும்: செய்தவர் எண், பொருளின் எண். இன்டெல் தனக்கு வைத்துக்கொண்ட எண் 8086. அவர்களுடைய புகழ்பெற்ற சில்லின் பெயரே அது. ரியல்டெக் என்னும் தைவான் கம்பெனியின் எண் 10இசி. அதன் 8139 என்ற மலிவான அட்டை நம் நாட்டு மேசைகளில் மூலைக்கு மூலை குடிபுகுந்தது. இயங்குதளத்திடம் நீண்டதோர் அட்டவணை இருக்கும். இன்ன எண் வந்தால் இன்ன டிரைவரை எழுப்பு என்பது அதன் உள்ளடக்கம். டிரைவர் என்பது அந்த அட்டையின் மொழி தெரிந்த துபாஷி. அட்டை தன் எண்ணைச் சொன்ன பின்னும் துபாஷி அகப்படாவிட்டால் மீண்டும் அதே வாக்கியம்தான்: காணப்படவில்லை.

ஆக, இவ்வாக்கியம் பெரும்பாலும் பொய். அட்டையை யந்திரம் கண்டுவிட்டது, பேசத்தான் தெரியவில்லை.

துபாஷிகளை எழுதியவர்கள் யார்? 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கு, ஈதர்நெட் டிரைவர்களில் பெரும்பகுதியை ஆரம்பநாட்களில் எழுதிக் குவித்தவர் டொனால்ட் பெக்கர் என்பவர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் பணியாற்றிய அவரும் தாமஸ் ஸ்டெர்லிங்கும் 1994-இல் பதினாறு சாதாரணக் கணிப்பொறிகளை ஈதர்நெட்டால் பிணைத்துப் பேயோவுல்ஃப் என்னும் கூட்டுக் கணிப்பொறியைச் செய்தார்கள். மலிவான அட்டைகளைக் கொண்டு அதைச் செய்யவேண்டுமானால் அவ்வட்டைகளுக்கு நல்ல டிரைவர் வேண்டும். இல்லாததை அவர் எழுதினார். எழுதியதை உலகத்துக்கு வழங்கினார். சில கம்பெனிகள் தம் அட்டையின் உள்விவரத்தைத் தந்தன, சில தரவில்லை. தராதவர்களின் அட்டையை வாங்கியவர்கள், விளக்கவுரை இல்லாத சூத்திர நூலை வாங்கியவர்களின் நிலைக்கு ஆளானார்கள்.

பிற்காலத்தில் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. அட்டைகளே சிறு கணிப்பொறிகளாகிவிட்டன. அவற்றுக்குள் ஊட்டவேண்டிய ஃபர்ம்வேர் என்னும் நிரலைக் கம்பெனியார் மூடிய பொட்டலமாகவே கொடுத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவோ திருத்தவோ உரிமை கிடையாது. கட்டற்ற நிரல்களை மட்டுமே வழங்குவதென்று விரதம் பூண்ட டெபியன் என்னும் லினக்ஸ் குழுவினர், 2011-இல் வெளியான தம் ஆறாம் பதிப்பிலிருந்து அப்பொட்டலங்களை நிறுவல் வட்டில் சேர்க்காமல் விலக்கினார்கள். கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் கம்பியில்லா அட்டை வைத்திருந்தவர் பாடு திண்டாட்டமாயிற்று. பொட்டலத்தைப் பெற இணையம் வேண்டும். இணையத்தைப் பெறப் பொட்டலம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழமொழியை நம் முன்னோர் இதற்காகவே சொல்லிவைத்தார்களோ என்று தோன்றும். நெடுநாள் வாதம் நடந்தது. 2022-இல் குழுவினர் வாக்கெடுத்துத் தம் விரதத்தைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வெளியான பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து ஃபர்ம்வேர் பொட்டலங்களும் நிறுவல் வட்டிலேயே வருகின்றன. விலக்கியவர்களிடமும் நியாயம் இருந்தது, சேர்த்தவர்களிடமும் நியாயம் இருந்தது. தீர்ப்புச் சொல்லச் சொன்னால் நான் சேர்த்தவர்கள் பக்கம் நிற்பேன். கதவையே திறக்க முடியாதவனிடம் வீட்டின் தூய்மையைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

வரலாற்றை இவ்வளவு சொன்ன பின், தொல்லையில் மாட்டிக்கொண்டவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முதலில் உடம்பைப் பாருங்கள், பிறகு மனத்தைப் பாருங்கள். கம்பி செருகிய வாயில் சிறுவிளக்கு எரிகிறதா? எரியவில்லையானால் வேறு கம்பியையோ, மறுமுனையிலுள்ள வேறு வாயையோ மாற்றிப் பார்க்கவேண்டும். விளக்கு எரிந்தும் அட்டை தெரியவில்லையென்றால், யந்திரத்தின் பயாஸ் அமைப்புக்குள் சென்று, தாய்ப்பலகையில் உள்ள நெட்வொர்க் பகுதி அணைத்துவைக்கப்படவில்லையே என்று உறுதி செய்துகொள்ளுங்கள். லினக்ஸ் நிறுவுவோர் எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளையை அதன் 'என்.என்.' குறியோடு இட்டால், செருகியுள்ள அட்டைகளின் பெயர்களும் இரட்டை எண்களும் வரிசையாக வரும். அந்தப் பட்டியலில் அட்டை இருந்தால் குறை துபாஷியிடத்தில். இல்லையானால் குறை பொருத்துவாயிலோ அட்டையிலோ. யந்திரத்தின் நாட்குறிப்பில் ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை என்ற வரி இருந்தால், விடுபட்ட கோப்பின் பெயரையும் அதுவே சொல்லிவிடும். வேறொரு கணிப்பொறியில் அதைப் பென் டிரைவில் எடுத்துவந்து கொடுக்கலாம். அட்டை புதியதும் நிறுவல் வட்டு பழையதுமாக இருந்தால் மெனக்கெடாமல் புதிய பதிப்பை எடுப்பதே மேல்.

விண்டோஸ் நிறுவுவோரும் இதற்கு விலக்கல்லர். பதினோராம் பதிப்பு நிறுவும்போதே இணையத்தைக் கேட்கிறது. புதிய அட்டைக்கு அதனிடம் டிரைவர் இல்லாவிட்டால், முன்சொன்ன கல்யாணக் கதைதான். அத்தகைய வேளையில் யூ.எஸ்.பி. கம்பியால் செல்பேசியை இணைத்து, அதன் வழியே தற்காலிகமாக இணையம் பெறுவது கைகண்ட முறை. பெரும்பாலான இயங்குதளங்கள் செல்பேசியைத் தடையின்றி அறிந்துகொள்கின்றன. ஆண்ட்ராய்டு பேசியாயின் அமைப்புகளில் டெதரிங் என்ற பகுதியில் அதற்கான வசதி இருக்கிறது. இணையம் வந்தவுடன் உரிய டிரைவரை இறக்கிக்கொண்டு பேசியைக் கழற்றிவிடலாம்.

பழைய கணிப்பொறியைப் பிள்ளைகளின் படிப்புக்காகப் புதுப்பிக்க எண்ணுவோருக்கு இன்னொரு செய்தி. சாந்தினியிலோ, உங்கள் ஊரின் அதுபோன்ற சந்தையிலோ, பழைய பொருள்களின் குவியலில் அந்த ரியல்டெக் 8139 அட்டை அகப்பட்டால், உங்கள் பெட்டியில் பி.சி.ஐ. பொருத்துவாயும் இருந்தால், தயங்காமல் வாங்கிச் செருகுங்கள். அதன் டிரைவர் லினக்ஸின் மூலநிரலில் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து இருந்துவருகிறது. 8139 டூ என்பது அதன் பெயர்.